தூரிகை கேள்வி–பதில்: ராட்டையை விட்டு எழுந்த பெண்

போன இதழ் நடுப்பக்கத்தில் பஸ்தியன்-லெபாஜ் வரைந்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ ஓவியத்தைப் போட்டாலும் போட்டோம், தபால் குவிந்துவிட்டது. ஆகவே இந்த முறை வேறு எதற்கும் இடமில்லை. கண்ணாடி ஓவியத்துக்கு எந்தப் பெயின்ட் என்று கேட்ட திருப்பூர் வாசகர் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போர் ஓவியங்கள் வரிசை என்று அறிவித்துவிட்டு, வாள் இல்லை, குதிரை இல்லை, தோட்டத்தில் ஒரு பெண் சும்மா நிற்கும் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். இதில் போர் எங்கே ஐயா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

சும்மா நிற்கவில்லை அம்மா. அவளுக்குப் பின்னால் பாருங்கள். நூல் வேலைக்கான ராட்டை இருக்கிறது, பக்கத்தில் ஒரு ஸ்டூல் கவிழ்ந்து கிடக்கிறது. நிதானமாக எழுந்தவள் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழ மாட்டாள். ஏதோ கேட்டிருக்கிறது, விருட்டென்று எழுந்திருக்கிறாள், நாலு அடி நடந்து மரத்தோரம் வந்துவிட்டாள். ஒரு கை நீண்டு இலைகளைப் பிடித்தும் பிடிக்காமலும் நிற்கிறது. கண் மட்டும் நம்மையும் பார்க்காமல், தோட்டத்தையும் பார்க்காமல், படத்துக்கு வெளியே எங்கோ மேலே போய்விட்டது. போர் அந்தக் கண்ணில் இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த நூறாண்டுப் போரின் கடைசிக் கட்டம். வட பிரான்சின் பெரும்பகுதி ஆங்கிலேயர் கையிலும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்த பர்கண்டிக்காரர்கள் கையிலும் இருந்தது. டோம்ரெமி என்ற கிராமத்துப் பெண்ணுக்கு, பிரான்சைக் காப்பாற்றப் புறப்படு என்று குரல் கேட்கிறது. 1429-இல், ஏறக்குறைய பதினேழு வயதில் ஊரை விட்டுக் கிளம்புகிறாள். மே 8-ஆம் தேதி ஓர்லியான் நகரின் முற்றுகை விலகுகிறது. ஜூலை 17-இல் ரெய்ம்ஸ் தேவாலயத்தில் ஏழாம் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. அடுத்த ஆண்டு மே மாதம் கோம்ப்பியேன் அருகே பிடிபடுகிறாள். 1431 மே 30-இல் ரூவான் நகரச் சந்தைத் திடலில் உயிரோடு எரித்துவிட்டார்கள்.

வரைவதற்கு இத்தனை காட்சி இருக்கிறது. முற்றுகை, முடிசூட்டு, சிறை, சிதை எல்லாவற்றையும் மற்ற ஓவியர்கள் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். இந்த மனிதர் மட்டும் எதுவும் நடப்பதற்கு முந்தைய நிமிஷத்தை எடுத்துக்கொண்டார். என் கணக்கில் போரைப் பற்றிய மிக நேர்மையான படங்களில் ஒன்று இது. ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை போருக்குப் போவது முதலில் இப்படித்தான் தெரியும்: செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நிற்கும்.

இன்னொரு போரும் இதில் இருக்கிறது. படம் 1879-இல் முடிந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜெர்மானியரிடம் பிரான்ஸ் மண்ணைக் கவ்வியிருந்தது. அல்சாஸ் முழுக்கப் போயிற்று, லொரேன் மாகாணத்தில் ஒரு பகுதியும் போயிற்று, ஐந்நூறு கோடி பிராங்க் அபராதம் வேறு. ஜோனும் லொரேன் பக்கத்துக்காரி என்பதால் அவள் பெயர் அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்தது. 1874-இல் பாரிசின் பிரமிடுச் சதுக்கத்தில் ஃப்ரெமியே செய்த குதிரைமேல் ஜோன் சிலையை நிறுத்தினார்கள். ஜூல் பஸ்தியன்-லெபாஜும் லொரேன்காரர், அந்தப் போருக்குப் போய்வந்தவர். தம்வில்லேர் என்ற சின்ன ஊரில் அப்பா அம்மா வீட்டுத் தோட்டத்தில் வைத்தே இதை வரைந்தார். பழிவாங்கும் படம் ஒன்று வரைய அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் வரைந்தது ஒரு கவிழ்ந்த ஸ்டூலை.

பின்னணியில் மங்கலாக மூன்று உருவங்கள் மிதக்கின்றன. அச்சுக்கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். யார் அவர்கள்?
– ஒரு வாசகர், சேலம்

அச்சகத்தார் பாவம், அவர்கள் மேல் பழி போடாதீர்கள். தங்கக் கவசத்தில் இருப்பவர் தூய மிக்கேல். மற்ற இருவர் தூய கேத்தரினும் தூய மார்கரெட்டும். ஜோனுக்குக் கேட்ட குரல்களுக்கு உரியவர்கள்.

இந்த மூன்று பேரால்தான் ஓவியருக்குத் தலைவலி. 1880-ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கண்காட்சியில் படம் வைக்கப்பட்டபோது பெண்ணின் முகத்தையும் நிற்கும் விதத்தையும் பலரும் மெச்சினார்கள். ஆனால் ஒவ்வொரு இலையையும் கண்ணால் கண்டபடி வரைகிற ஆள், கண்ணால் காணாத புனிதர்களை எதற்குச் சேர்த்தார் என்று கேட்டார்கள். அவருடைய பாணிக்கு இது ஒட்டவில்லை என்பதுதான் பொதுவான குறை.

நான் ஓவியர் பக்கம். எரிப்பதற்கு முன் ரூவானில் திருச்சபை நீதிமன்றம் நடத்திய விசாரணையின்போது ஜோன் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: உங்களைப் பார்க்கிற மாதிரியே அவர்களை என் ஊனக் கண்ணால் பார்த்தேன் என்று. அவள் சொன்னதை அவர் வரைந்தார், அவ்வளவுதான். ஆனால் வரைந்த விதத்தில் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டுச் சுவரின் நிறமும் அவர்கள் நிறமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், பார்க்கிறவர் கண் அவர்கள்மேல் நிற்காமல் வழுக்கிப் போய்விடுகிறது. சேலத்தில் நீங்கள் அச்சுக்கோளாறு என்று நினைத்ததில் தப்பே இல்லை.

ஒன்று செய்து பாருங்கள். நடுப்பக்கத்தை எடுத்து அந்த மூன்று பேரையும் கட்டைவிரலால் மறைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பாருங்கள். புல்லுக்குள் பாம்பைக் கண்டு மிரண்டவள் போல ஆகிவிடுகிறாள். விரலை எடுங்கள். அவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள், அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவளுக்குத் தேவைப்படவில்லை, நமக்குத்தான் தேவைப்படுகிறது.

பெண்ணை விட எனக்கு அந்தச் செடிகொடிகள்தான் பிடித்தன. அவ்வளவு இலையை எப்படிச் சமாளித்தார்? நான் வரைந்தால் கீரைக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது.
– ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்

கீரைக்கட்டு ஆவதற்குக் காரணம், ஒவ்வொரு இலையையும் சமமாக மதிப்பது. ஜனநாயகம் ஓட்டுப் பெட்டிக்கு நல்லது, தோட்டத்துக்கு ஆகாது.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கேன்வாஸ் எட்டடி நாலு அங்குல உயரம், ஒன்பதடி இரண்டு அங்குல அகலம். நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க்கில் நேரில் பார்த்தேன். பத்தடி தூரத்தில் ஒவ்வொரு இலையும் எண்ணி எழுதியது போல இருக்கிறது. காவலர் முறைக்காத அளவுக்குக் கிட்டே போனால் இலை காணாமல் போய் வெறும் பிரஷ் தீற்றல்தான் மிஞ்சுகிறது. தட்டையான சதுரமுனை பிரஷ்ஷை ஒரு தடவை வைத்து எடுத்த தடம். அதன் விளிம்பே இலையின் விளிம்பு. பச்சையிலும் ஒரு கஞ்சத்தனம் உண்டு: பச்சை என்று நாம் நினைப்பதில் பாதி, சாம்பலும் பழுப்பும். அவள் பாவாடையிலும் அதே மங்கல் பழுப்பு ஓடுகிறது. அதனால்தான் தோட்டமும் பெண்ணும் ஒரே மண்ணில் முளைத்தது போல இருக்கிறார்கள்.

அப்புறம் முகத்துக்கு வாருங்கள். அங்கே தீற்றலே கிடையாது. சின்ன பிரஷ், பொறுமையான வேலை, தோலுக்குள் ரத்தம் ஓடுவது தெரிகிறது. கடுமையான வேலை முகத்தில், கைகளில், கொஞ்சம் ராட்டைப் பக்கம். மீதியெல்லாம் வேகம். எங்கே சோம்பேறியாக இருக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வானத்தையும் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அடிவானத்தை மிக உயரத்தில் வைத்துத் தோட்டத்தையே திரைச்சீலையாக்கிவிட்டார். எங்கும் அழுத்தமான நிழல் இல்லை, மேகமூட்டமான பகல் வெளிச்சம். முதன்முதலில் குரல் கேட்டது கோடைக்கால நண்பகலில், அப்பாவின் தோட்டத்தில், அப்போது தனக்குப் பதின்மூன்று வயது என்று ஜோன் சொன்னது பதிவாகியிருக்கிறது. தோட்டத்தை எடுத்துக்கொண்டார், உச்சிவெயிலை விட்டுவிட்டார், வயதையும் ஏற்றிவிட்டார். உச்சிவெயிலில் முகம் இரண்டாகப் பிளந்துவிடும் அல்லவா, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து ஒரு முகத்தை வரைந்து பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

ஜோன் உண்மையில் இப்படித்தான் இருந்தாளா? யாராவது பார்த்து வரைந்திருக்கிறார்களா?
– பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

பார்த்து வரைந்தது என்று சொல்ல இன்றைக்கு ஒன்றுமே கையில் இல்லை. அவள் உயிரோடு இருந்த காலத்துப் படம் என்று மிஞ்சியிருப்பது ஒரு கிறுக்கல். ஓர்லியான் செய்தி பாரிசுக்கு வந்ததும், 1429 மே 10-ஆம் தேதிக் குறிப்பின் ஓரத்தில், பாரிஸ் நீதிமன்ற எழுத்தர் கிளெமான் த ஃபோகெம்பெர்க் ஒரு பெண்ணைக் கிறுக்கி வைத்தார். கையில் கொடி, இடுப்பில் வாள், நீண்ட கூந்தல், பெண்ணுடை. அவர் ஜோனைக் கண்ணால் கண்டதே இல்லை. கண்டிருந்தால் ஆண் போல முடி வெட்டியிருந்த பெண்ணுக்குக் கூந்தல் வரைந்திருக்க மாட்டார். பைல் ஓரத்தில் பேனா ஓட்டும் குமாஸ்தா அப்போதே உண்டு.

இன்னொரு படம் இருந்தது. அதைப் பற்றிச் சொன்னது ஜோனே. உன் உருவத்தை யாராவது வரைந்ததுண்டா என்று விசாரணையில் கேட்டார்கள். ஆராஸ் நகரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கையில் பார்த்தேன், முழுக் கவசத்தோடு ஒரு முழங்காலிட்டு மன்னரிடம் கடிதம் கொடுப்பது போல இருந்தது, வேறெதையும் நான் பார்த்ததுமில்லை, வரையச் சொன்னதுமில்லை என்றாள். அந்தப் படம் மிஞ்சவில்லை. கேள்வி கேட்டவர்களுக்குக் கலை ஆர்வம் எதுவும் கிடையாது. தன்னை வணங்கச் சொல்லிப் படம் பரப்பினாளா என்று தோண்டினார்கள், அவ்வளவுதான்.

கவசத்தோடு, தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு ஒரு ஜோன் படம் பாடப்புத்தகத்தில் பார்த்த ஞாபகம். அதுதானே நல்ல படம்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ஆங்கர் வரைந்தது, 1854, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரெய்ம்ஸ் முடிசூட்டு விழாவில் கொடியோடு நிற்கிறாள். வேலைப்பாட்டில் குறை சொல்ல நான் யார்! கவசத்தின் ஒவ்வொரு தகடும் இப்போதுதான் பாலிஷ் போட்டு வந்த மாதிரி மின்னுகிறது. பின்னால் நிற்கும் ஆட்களில் ஒருவருக்கு ஓவியர் தன் முகத்தையே வைத்துக்கொண்டார். அந்தக் காலத்துச் செல்ஃபி.

ஆனால் அந்த ஒளிவட்டம் அவசரக் குடுக்கை வேலை. ஜோனுக்குத் திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்தது 1920-இல். ஆங்கர் அறுபத்தாறு ஆண்டு முன்னாலேயே கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணும் சண்டைக்குப் போய்வந்தவளாகத் தெரியவில்லை; பண்டிகைக்கு நிறுத்திய சொரூபம்போல் இருக்கிறாள். கவசம் என்றதும் ஞாபகம் வருகிறது: 1429-இல் அவளுக்குக் கவசம் செய்த தூர் நகரக் கொல்லருக்கு 100 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) கொடுத்த கணக்கு அரசுப் பதிவில் இருக்கிறது. கொடி எழுதிய ஓவியருக்கு 25 லிவ்ர். வாளைவிடக் கொடியை நாற்பது மடங்கு அதிகம் விரும்பினேன் என்று பின்னால் சொன்னாள். கொடி எழுதிய கூலி நாலில் ஒன்று. எங்கள் ஜாதிக்கு அன்றும் அதுதான் நிலைமை போலிருக்கிறது.

கையில் மூவர்ணக் கொடியோடு, மேலாடை நழுவ, பிணங்களைத் தாண்டி ஓடும் பெண்ணும் ஜோன்தானே?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

இல்லை. அவள் ‘சுதந்திரம்’. ஆளே இல்லை, ஒரு கருத்து. 1830 ஜூலைப் புரட்சியைப் பற்றி தெலக்குருவா வரைந்தது. ஜோன் காலத்தில் அந்த மூவர்ணக் கொடியும் கிடையாது.

ஆடு மேய்த்த பெண் என்றுதான் சிறுவயதில் படித்தோம். ராட்டை எப்படி வந்தது?
– இல்லத்தரசி, காரைக்குடி

அவள் வாயிலிருந்தே வந்தது. 1431 பிப்ரவரியில் விசாரணை தொடங்கிய நாட்களில், சிறுவயதில் ஏதாவது தொழில் கற்றாயா என்று கேட்டார்கள். தைக்கவும் நூற்கவும் கற்றேன், அதில் இந்த ரூவான் நகரத்தில் எந்தப் பெண்ணுக்கும் நான் சளைத்தவள் இல்லை என்றாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மெத்தப் படித்த குருமார்கள், சட்டம் கரைத்துக் குடித்தவர்கள். இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலில் விலங்கு. அந்த நிலையில் வருகிற பெருமையைப் பாருங்கள், கோட்டை பிடித்ததைப் பற்றி அல்ல, நூல் நூற்றதைப் பற்றி. ஆடுமாடு பற்றியும் கேட்டார்கள். விவரம் தெரிந்த பிறகு மேய்ப்பது தன் வழக்கமான வேலையாக இருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஆனாலும் ஆட்டுக்குட்டியோடு வரைந்தால் காலண்டர் நன்றாக விற்கும் அல்லவா, அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த விசாரணைப் பதிவை வாசித்தவர்களுக்கு எந்த ஓவியமும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். தூய மார்கரெட் ஆங்கிலத்தில் பேசினாரா என்று மடக்கினார்கள். ஆங்கிலேயர் பக்கம் இல்லாதவர் எதற்கு ஆங்கிலம் பேசவேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். மிக்கேல் நிர்வாணமாக வந்தாரா என்று கேட்டதற்கு, அவருக்கு உடை கொடுக்கக் கடவுளிடம் வக்கில்லை என்று நினைக்கிறீர்களா என்றாள். வயது பத்தொன்பது.

கடைசியில் எந்தக் குற்றத்துக்காக எரித்தார்கள்?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

தாளில் எழுதிய குற்றம், கைவிட்ட தவறான நம்பிக்கைக்குத் திரும்பினாள் என்பது. அதற்குக் கண்ணெதிர்ச் சான்றாக அவர்கள் காட்டியது, இனி அணியமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட ஆணுடையை மறுபடி அணிந்திருந்தாள் என்பதை. உண்மையான குற்றம் ஓர்லியான். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 1456-இல், அந்தத் தீர்ப்பே செல்லாது என்று இன்னொரு திருச்சபை நீதிமன்றம் சொன்னது.

பிரான்சின் வீராங்கனை படம் அமெரிக்காவில் எப்படி?
– ஒரு வாசகர், கோவை

பணம். எர்வின் டேவிஸ் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் கைக்குப் போய், 1889-இல் அவர் அதை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு மனேயின் இரண்டு ஓவியங்களையும் சேர்த்துக் கொடுத்த தாராளக்காரர். ஓவியர் அதைப் பார்க்க இல்லை. 1884 டிசம்பரிலேயே, முப்பத்தாறு வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார். இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் இன்றைக்கு மனே, மோனே என்று அடுக்கும்போது அந்தப் பெயரையும் சேர்த்து அடுக்கியிருப்போம் என்பது என் எண்ணம். உடன்படாதவர்கள் எழுதலாம்.

எங்கள் ஊரிலேயே ஜோன் சிலை இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

தாராளமாக. துமாஸ் வீதிப் பக்கம் தேவதைகளின் மாதா கோயிலுக்கு எதிரே வெள்ளைப் பளிங்கில் நிற்கிறாள். நம் பக்கத்தில் ஜோனைப் பார்க்க விசா தேவையில்லாத இடம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊருக்கெல்லாம் அவளைக் கூடவே கொண்டுபோனார்கள். அந்நியர் ஆட்சியை எதிர்த்தவளை இன்னொருவர் ஊரை ஆளும்போது கொண்டுவந்து நிறுத்துவதில் உள்ள வேடிக்கை அவர்களுக்கு உறைக்கவில்லை போலும். மாலை வெயிலில் போய்ப் பாருங்கள், பளிங்குக்கு அந்த வெளிச்சம் நன்றாக இருக்கும்.

என் மகள் பள்ளி மாறுவேடப் போட்டியில் ஜோனாக வரப்போகிறாள். அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிக் கவசம் செய்வதா, இந்தப் படத்தில் இருப்பது போல அனுப்புவதா?
– ஒரு தாய், திண்டுக்கல்

என் ஆசைக்குக் கேட்டால், பழைய பழுப்புப் பாவாடை, முன்பக்கம் கயிறு கோத்த ரவிக்கை, முடியைப் பின்னால் இழுத்துக் கட்டு. மேடையில் ஸ்டூல் ஒன்றைத் தள்ளிவிட்டு எழுந்து வரச் சொல்லுங்கள். பேசவேண்டிய வசனம் ஒன்றே ஒன்று: நூற்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

பரிசு வேண்டும் என்றால் வெள்ளித்தாள்தான். நானே பல வருடம் அந்தப் போட்டிகளுக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன்.